அப்பாவுக்கு ஒளிவட்டம் வைக்கலாமா?

நாகர்கோவில் பக்கம் ஃபிளக்ஸ் டிசைன் செய்கிறவனிடம் யாரும் கலை கேட்டு வருவதில்லை. பெயரில் எழுத்துப் பிழை வரக்கூடாது, தாய்மாமன் படம் சித்தப்பா படத்தைவிடச் சின்னதாகப் போய்விடக் கூடாது, நாளைக்குக் காலையில் கையில் வேண்டும். இதெல்லாம் பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுத்து, வாசல்வரை போய்த் திரும்பி நின்று ஒன்று சொல்வார்கள்: "பின்னால கொஞ்சம் வெளிச்சம் அடிச்சு விடுங்க அண்ணே." கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, சபைக் கன்வென்ஷன், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் இந்த வரி மாறாது. ஆளைச் சுற்றி ஒரு மினுக்கம் வேண்டும். நான் மறுத்ததும் இல்லை, ரசித்ததும் இல்லை. ஃபோட்டோஷாப்பில் ஆளை வெட்டித் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில் வைத்து, லேயர் ஸ்டைலில் அவுட்டர் குளோ என்கிற வெளிப்புற மினுக்கத்தை டிக் செய்து, சைஸை இழுத்துவிட்டால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் செய்துவிடலாம். அதை வைப்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் என் மேசைக்கு முன்னால் நின்று சண்டை போடும்வரை, அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை.

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மாவும் இரண்டு மகன்களும் வந்திருந்தார்கள். கணவர் இறந்து ஒரு வருடம். முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு ஒரு பேனர், வீட்டில் மாட்ட லேமினேஷன் போட்ட படம் ஒன்று. கொண்டுவந்த ஃபோட்டோ ஏதோ கல்யாண வீட்டில் எடுத்தது. வெள்ளைச் சுவரை ஒட்டி நிற்கிறார். நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்ததில் காதுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக நிழல். கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை, வெயிலும் உப்பும் ஏறிய நெற்றி, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய பழைய தழும்பு. பெரிய மகன் எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா இடையில் புகுந்தார்.

"மக்கா, அவருக்க தலைக்குப் பின்னால ஒரு வெளிச்சம் வச்சுத் தா. மாதா படத்துல இருக்குமே, அது மாதிரி."

"அதெல்லாம் வேண்டாம்மா. அது புனிதருக்கு வைக்கது. சாமியார் பாத்தா என்ன சொல்லுவாரு?"

"எனக்க மாப்பிளைக்கு நான் வைக்கேன். சாமியாருக்கு என்ன?"

"தேவசகாயம் பிள்ளைக்கே 2022-லதான் புனிதர் பட்டம் கெடச்சுது. அவரு 1752-ல செத்தவரு. 270 வருஷம் காத்துக் கெடந்தாரு. அப்பாவுக்கு ஒரே வருஷத்துல வேணுமாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தாலும் பையனின் கணக்கில் தப்பில்லை. கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டது 1752 ஜனவரி 14. போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது 2022 மே 15. 2012 டிசம்பரிலிருந்து அதுவரை அவர் 'முத்திப்பேறு பெற்றவர்'தான், அதாவது புனிதருக்கு ஒரு படி கீழே. அந்த மே மாதம் பழைய ஃபைல்களைத் திறந்து அந்த வார்த்தையை அழித்துப் 'புனிதர்' என்று போட்டுக் கை ஓய்ந்தது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசியில், இரண்டு விதமாகவும் செய்து வைக்கிறேன், வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அவர்களை அனுப்பிவைத்தேன்.

ஓரத்தில் ஒட்டிய வெளிச்சம்

வெளிச்சம் வைப்பதற்கு முன்னால் வெளிச்சத்தை எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைச் சுவரிலிருந்து வெட்டிய ஆளை இருட்டான பின்னணியில் கொண்டுபோய் வைத்தால், முடியைச் சுற்றிச் சுவரின் வெள்ளையும் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் ஓரத்து நிறக்கறையை எடுக்கிற டிஃப்ரிஞ்ச் போடுவோம், மீதியை, வேண்டாத இடத்தை மறைக்கிற மாஸ்க்கில் சின்ன பிரஷ்ஷை வைத்துச் சுரண்டுவோம். ஷார்ப்பனை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் இதே தொல்லைதான்: ஓரத்தின் ஒரு பக்கம் வெளுத்துப் போகும், மறுபக்கம் கறுத்துப் போகும். வேண்டாத ஒளிவட்டத்தை உட்கார்ந்து அழித்துவிட்டு, வேண்டிய ஒளிவட்டத்தை மேலே வைத்துக் காசு வாங்குவது எங்கள் பிழைப்பு. ஃபிலிம் காலத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. பலமான வெளிச்சம், படம் பதிகிற எமல்ஷன் பூச்சைத் தாண்டிப் போய், ஃபிலிமின் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பி வந்து, விளக்கைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் போட்டுவிடும். அதைத் தடுக்க ஃபிலிம் கம்பெனிகள் கருநிறப் பூச்சு கொடுத்து மெனக்கெட்டன. இப்போது அதே மங்கல் வளையத்தை ஆப்பில் ஃபில்டராக விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது.

அவுட்டர் குளோ எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. அது ஆளின் வரைகோட்டை அப்படியே பின்தொடரும். காலர், காது, கக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஆளைச் சுற்றி டியூப்லைட்டை வளைத்து மாட்டியது போல இருக்கும். உண்மையான வெளிச்சம் அப்படி நடந்துகொள்ளாது. முட்டம் பாறையில் சூரியன் இறங்குகிற நேரத்தில், கல்யாண ஜோடியைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் படம் எடுத்த யாரையும் கேளுங்கள். சூரியன் இருக்கிற பக்கத்து முடி மட்டும் தனித்தனி இழையாக மின்னும். வெளிச்சம் காதுமடலுக்குள் புகுந்து ரத்தத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதால் காது சிவக்கும். தோள் ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு ஓடும், மறு தோள் இருட்டிலேயே இருக்கும். முக்கியமாக, வெளிச்சம் ஆளுக்கு வெளியே மரியாதையாக நின்றுவிடாது. ஓரத்தைத் தாண்டிச் சட்டைக்கும் கன்னத்துக்கும் கொஞ்சம் வழியும். வெட்டி ஒட்டிய படத்தைக் காட்டிக்கொடுப்பதே இந்த வழிதல் இல்லாமைதான்.

இன்னொன்று, வெளிச்சத்துக்கு இருட்டு வேண்டும். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் கடலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். 'அகல் வட்டம் பகல் மழை' என்று பழமொழியே இருக்கிறது. உயரத்தில் இருக்கிற மெல்லிய மேகத்தின் பனிப் படிகங்கள் நிலவொளியை வளைப்பதால் வருவது அது. நிலாவிலிருந்து 22 டிகிரி தள்ளி வளையம் விழும்; கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால் ஏறக்குறைய அந்தத் தூரம். அடுத்த முறை பார்க்கும்போது வளையத்தின் உட்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே வானம் வெளியில் இருப்பதைவிடக் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு இருப்பதால்தான் வளையம் அவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது.

ஃபோட்டோஷாப்பிலும் கணக்கு இதுதான். குளோ வேலைக்கெல்லாம் ஸ்க்ரீன் மோடு போடுகிறோம் இல்லையா, அது இரண்டு லேயர்களின் இருட்டையும் பெருக்கிப் பார்க்கிற கணக்கு. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை என்கிற அளவில், பின்னணி 40 இருக்கிற இடத்தில் 100 அளவு வெளிச்சத்தை ஸ்க்ரீனில் வைத்தால் 124-க்கு ஏறும். அதே 100-ஐப் பின்னணி 200 இருக்கிற இடத்தில் வைத்தால் 222-தான் வரும். வெள்ளைப் பின்னணியில் ஒன்றுமே ஆகாது. 'எவ்வளவு இழுத்தாலும் குளோ தெரியமாட்டேங்குது' என்று புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள், லேயரின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கிற ஓப்பாசிட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பின்னணியை இறக்கு என்று ஒரே வார்த்தைதான் சொல்வேன். கண்ணும் இந்தக் கண்கட்டுக்கு உடந்தை. நடுவில் பிரகாசமாகவும் வெளியே போகப்போக மெல்ல மங்கலாகவும் ஒரு சாய்வு இருந்தால், உண்மையில் வெளிச்சம் கூடாவிட்டாலும் கண்ணின் பாப்பா சுருங்குகிறது என்று ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2012-இல் அளந்து காட்டினார்கள். வெறும் தாளில் இருக்கிற மையைப் பார்த்துக் கண் கூசுகிறது.

இவ்வளவையும் மனதில் வைத்து அந்தப் படத்தில் இறங்கினேன். சின்ன மகன் ஃபோனில் எடுத்து அனுப்பியிருந்த அவர்கள் ஊர்க் கடற்கரை, விடிவதற்குக் கொஞ்சம் முந்தைய நீலம். அதைப் பின்னணியாக வைத்து, இருட்டாக்குகிற மல்டிப்ளை மோடில் இன்னும் இறக்கினேன். ஆளின் வடிவத்தை ஒரு லேயரில் வெளிர்மஞ்சளாக நிரப்பி, காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி அவருக்குப் பின்னால் வைத்தேன். ஒரே பிளர் போதாது. நிஜமான ஒளி ஓரத்தில் பலமாக இருந்து சட்டென்று இறங்கும், அப்புறம் நெடுந்தூரத்துக்கு மெலிதாக நீளும். அதனால் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பிளர் லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரியதன் ஓப்பாசிட்டியை ரொம்பக் குறைத்துவிட வேண்டும். பிறகு வலது பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மாஸ்க்கில் அடக்கி, அந்தப் பக்கத்து முடியிலும் காதிலும் தோளிலும் அதே நிறத்தைக் கொஞ்சம் வழியவிட்டேன். கிழக்கே வெளுக்கிற நேரத்தில் கரையில் நிற்கிற மனிதராக ஆகிவிட்டார். புருவத் தழும்புகூட அந்த வெளிச்சத்துக்குப் பொருந்தி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். இன்னொரு வடிவம், மாதா படத்தில் இருப்பது போலத் தலைக்குப் பின்னால் மஞ்சள் தட்டும் அதைச் சுற்றிப் பொன்கோடும், கேட்டார்களே என்பதற்காகச் செய்தது.

யாருடைய வெளிச்சம்

திரும்பி வந்தார்கள். கரையில் நிற்கிற படத்தைத் திரையில் போட்டதும் மகன்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியே அப்பா" என்றான் சின்னவன். அந்த அம்மா மானிட்டருக்குக் கிட்டத்தில் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. கடல்ல விடியுது, அந்த வெளிச்சம் இவருக்க மேல அடிக்கி. ஆனா அவருக்குன்னு நீ ஒண்ணும் வைக்கலியே மக்கா."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அதன்பிறகு நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் உட்கார்ந்து செதுக்கியது எல்லாம் வெளிச்சத்துக்கு ஒரு மூலம் இருக்க வேண்டும் என்பதற்காக. எங்கிருந்து வருகிறது, எங்கே படுகிறது, எங்கே நிழல் என்று கேட்டுக் கேட்டு வேலை செய்வதைத்தான் இந்தத் தொழிலில் ரசனை என்கிறோம். அந்த அம்மா கேட்டது மூலமே இல்லாத வெளிச்சத்தை. வெளியிலிருந்து வந்தால் அது சூரியனுடையது, யார் போய் அங்கே நின்றாலும் மேலே விழும். அவரிடமிருந்து வந்தால்தான் அவருடையது. அப்படிப் பார்த்தால், எல்லாப் பக்கமும் ஒரே அளவில், நிழலே இல்லாமல், உடம்பின் கோட்டை விட்டு விலகாமல் வருகிற அந்த அவுட்டர் குளோ, நான் இளக்காரமாக நினைத்த அந்த டிக், அவர் சொல்ல நினைத்ததை என் மூன்று பிளர் லேயர்களைவிட நேராகச் சொல்லிவிடுகிறது.

பெரியவன் விடவில்லை. "அம்மா, அவருக்குன்னு வெளிச்சம் புனிதருக்குத்தான் உண்டு" என்று மறுபடி ஆரம்பித்தான். அப்போது பக்கத்து மெஷினில் ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் பேனர் அடித்துக்கொண்டிருந்தது. கால்மாட்டிலிருந்து ஆரம்பித்து இடுப்பு, கைகூப்பு, மாலை என்று அங்குலம் அங்குலமாக இறங்கி, அந்த நேரம் பார்த்து முகம் வந்திருந்தது. பின்னால் ஒரு முழு உதயசூரியனுக்கான கதிர்கள், அதற்குமேல் லென்ஸ் ஃப்ளேர், அதற்கும்மேல் பொன்னிற அவுட்டர் குளோ. எல்லாம் என் கைவேலைதான். அந்த அம்மா அதைக் கையால் காட்டினார்.

"இவன் எந்த ஊரு புனிதன்?"

சின்னவன் வெடித்துச் சிரித்துவிட்டான். மெஷின் பக்கத்தில் நின்ற பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரியவனுக்கு அதற்குமேல் வழக்காட ஒன்றும் இல்லை.

அப்புறம் நான் ஓய்வில் தேடிப் படித்ததில் அந்த அம்மா பக்கம்தான் சரித்திரமும் இருக்கிறது. ராவென்னா நகரத்துச் சான் விட்டாலே ஆலயத்தில் 6-ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியம் ஒன்றில் ரோமானியச் சக்கரவர்த்தி ஜஸ்டினியனுக்குத் தலைக்குப் பின்னால் பொன்வட்டம் இருக்கிறது. எதிர்ச்சுவரில் அவர் மனைவி தியோடோராவுக்கும் இருக்கிறது. நம் பக்கம் ஜஹாங்கீரும் ஷாஜஹானும் தங்களை வரைந்தவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் போல, முகலாயச் சிற்றோவியங்களில் அவர்கள் தலைக்குப் பின்னால் தகதகவென்று இருக்கும். நாட்டை ஆண்டவர்கள் எல்லாம் வைத்துக்கொண்ட பிறகுதான், திருச்சபை அங்கீகரிக்காத ஆட்களுக்கு ஒளிவட்டம் போட்டுப் படம் வைக்கக்கூடாது என்று போப் எட்டாம் உர்பான் 1625-இல் தடை போட்டார். செத்துப்போன நல்லவர்களுக்கெல்லாம் மக்கள் தாங்களாகவே வட்டம் வைத்துக்கொண்டிருந்ததால்தானே தடை வேண்டியிருந்தது? நமக்கோ ரசனையைக் கற்றுக்கொடுத்தது சிவகாசிக் காலண்டர். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையா ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் போட்ட சாமி படங்கள் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கின. ஒளி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரே சுவரில்தான் பாடம் நடந்திருக்கிறது. நான் நடுவில் ஃபோட்டோஷாப் பாட வீடியோக்களைப் பார்த்து வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டேன், அவ்வளவுதான்.

படிக்கும்போது சிக்கிய இன்னொன்றைத் தேரூர் பக்கம் வயல்வரப்பில் நானே போய்ச் சரிபார்த்தேன். பனி இறங்கிய காலையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும்போது, நெல் நாற்றின்மேல் விழுகிற நம் நிழலின் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிரகாசம் தெரியும். பனித்துளி ஒவ்வொன்றும் லென்ஸாக நின்று சூரிய ஒளியை இலையில் குவித்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அந்த வழியில் இருப்பது நம் கண் மட்டும்தான். அதனால் நம் தலைக்கு மட்டும் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் நிழலைப் பார்த்தால் வெறும் நிழல். அவரைக் கேட்டால் அவர் தலைக்கு இருக்கிறது, நமக்கு இல்லை என்பார். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி செல்லினி இதைப் பார்த்துவிட்டுக் கடவுள் தனக்குக் கொடுத்த விசேஷ அடையாளம் என்றே நம்பினார். அவரைக் கேலி செய்யலாம். ஆனால் கூட வந்த நண்பரிடம் 'உங்களுக்கு ஒன்றும் இல்லையே' என்று நானும்தான் முதலில் சொன்னேன்.

ஃபிளக்ஸில் இறங்கிய பிறகு

முடிவில் வைத்தது இதுதான்: தட்டு உண்டு, பொன்கோடு கிடையாது. கோடு போட்டால்தான் புனிதர் என்று பெரியவன் ஒரு விதியை அங்கேயே உண்டாக்கினான். அது எந்தச் சபைச் சட்டத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. தலைக்குப் பின்னால் ஓரம் கரைந்துபோகிற ஒரு வட்டம், அதிலிருந்து இரண்டு தோளிலும் சமமாக வழிகிற மஞ்சள். விடிகிற கடல் பின்னால் அப்படியே இருக்கட்டும், ஆனால் அதன் வெளிச்சம் அவர்மேல் படவேண்டாம் என்று அந்த அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒளியியல்படி சுத்த அபத்தம். செய்தேன்.

சோதனைக்கு ஒரு துண்டு அடித்துப் பார்த்ததில் வேறு பிரச்சினை. மானிட்டர் தானே ஒளிர்கிறது, ஃபிளக்ஸ் ஒளிராது. எங்கள் மெஷினில் வெள்ளை மையும் கிடையாது. அந்த ஷீட்டின் வெளுப்புக்குமேல் பிரகாசம் போக வழியில்லை, கீழே இறங்கத்தான் முடியும். திரையில் கண்ணைப் பறித்த வட்டம், அச்சில் அழுக்குமஞ்சளாகப் படிப்படியாகத் தெரிந்தது. படிகள் வருவதற்குக் காரணம் எளிது: ஆயிரம் பிக்சல் தூரத்துக்குப் பரவுகிற மங்கலுக்கு நாற்பது நிற நிலைகள்தான் கிடைத்தால், ஒவ்வொரு நிலையும் 25 பிக்சல் அகலப் பட்டையாக நின்றுவிடும். அதற்கு மருந்து, மங்கலின்மேல் பொடிப்பொடிப் புள்ளிகளாகக் கொஞ்சம் நாய்ஸ் தூவுவது. பட்டையின் ஓரம் உடைந்து கண்ணுக்கு வழுவழுப்பாகிவிடும். வட்டத்தின் நடுவை மை விழாமல் ஷீட்டின் வெள்ளையாகவே விட்டேன், கடலை இன்னும் ஓர் அடி இருட்டில் தள்ளினேன். அடுத்த துண்டில் வெளிச்சம் வந்துவிட்டது. பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாக இரண்டு விநாடி பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு.

சாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம். ஊர்தான் சொல்லியிருக்கிறது, நல்லவிதமாக. அந்தத் தெருவிலிருந்து அடுத்தடுத்து வந்த நினைவுநாள் வேலைகளில் 'அந்த வெளிச்சம்' என்று பெயர் சொல்லியே கேட்டார்கள், நானும் அந்த வேலையை, மறுபடி தானாக ஓடுகிற ஆக்ஷனாகப் பதிந்து வைத்துக்கொண்டேன். அவுட்டர் குளோவைப் பற்றிய என் அபிப்பிராயம் முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கல்யாண ஜோடிக்கு அதைக் கேட்டால் இப்போதும் முட்டத்துச் சூரியனைக் காட்டித்தான் பேச்சை மாற்றுகிறேன். இறந்தவர்களுக்கு என்று கேட்டால் கேள்வி கேட்பதில்லை.

உயிரோடு இருக்கிற பிரமுகர்கள் விஷயத்தில்தான் மனம் ஒப்பவில்லை. அதற்கும் ரோமில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சாந்தா பிராசேதே ஆலயத்தின் 9-ஆம் நூற்றாண்டு மொசைக்கில் போப் முதலாம் பாஸ்கல் கையில் கோயிலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் இருக்கிற புனிதர்களுக்கெல்லாம் வட்டம், அவர் தலைக்குப் பின்னால் மட்டும் சதுரம். வரைந்தபோது ஆள் உயிரோடு இருந்தார் என்பதால் அப்படி. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போய், பிறந்தநாள் பேனர்களுக்கென்றே பொன்னிறச் சதுரம் ஒன்றை டெம்ப்ளேட்டாகச் செய்து சிஸ்டத்தில் போட்டு வைத்தேன். போன வாரம் வந்த ஒரு வட்டச் செயலாளரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "புதுசாத்தான் இருக்கு. அந்த நாலு மூலையை மட்டும் கொஞ்சம் ரவுண்ட் பண்ணிருங்க அண்ணே" என்றார்.